ரெண்டு ப்ரோட்டீன் ஒட்டுதா, எவ்ளோ இறுக்கமா ஒட்டுது: சாவி வாங்க வந்தவங்க கேட்ட கேள்விகள்

எங்க பில்டிங்ல ஐடிசி (ரெண்டு ப்ரோட்டீன் சேரும்போது வர்ற சூட்ட அளக்கற மெஷின்), எஸ்பிஆர் (ஒண்ண சிப்ல ஒட்டி, இன்னொண்ண மேல ஓட விட்டு அளக்கற மெஷின்) ரெண்டும் இருக்கற ரூம் சாவி என் மேஜை டிராயர்லதான் இருக்கு. அதனால பைண்டிங், அதாவது ஒட்டறத, அளக்க வர்றவங்க எல்லாரும், நேத்து சேர்ந்த எம்எஸ்சி ப்ராஜெக்ட் பிள்ளைங்கள்லருந்து தீசிஸ் எழுதிட்டு இருக்கற சீனியர் வரைக்கும், சாவி வாங்கற சாக்குல ஒரு டவுட்டையும் கேட்டுட்டுத்தான் போவாங்க. அதே டவுட்டு அடுத்த வாரம் வேற ஆள் கிட்டருந்து வரும். வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வச்சதுதான் இது. கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேலருந்து படிச்சிட்டு வாங்க, பின்னாடி வர்ற பதில் முன்னாடி சொன்னத வச்சுத்தான் ஓடும்.

அண்ணா, எல்லாரும் கேடி கேடிங்கறாங்க, சமன்பாடு எழுதாம அது என்னன்னு சொல்ல முடியுமா?

ஒரு ப்ரோட்டீன ரொம்பக் கொஞ்சமா எடுத்து வச்சுக்கோங்க, அதோட ஜோடிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்க. எந்தக் கான்சன்ட்ரேஷன்ல முதல் ப்ரோட்டீன்ல சரிபாதி ஜோடி சேர்ந்து நிக்குதோ, அந்தக் கான்சன்ட்ரேஷன்தான் கேடி. அதனாலதான் அதோட யூனிட் மோலார்ல வருது (அதுல பத்து லட்சத்துல ஒண்ணு மைக்ரோமோலார், அதுலயும் ஆயிரத்துல ஒண்ணு நானோ, அதுலயும் ஆயிரத்துல ஒண்ணு பிகோ). ஜோடி கேடி அளவு இருந்தா 50 சதவீதம் சேர்ந்திருக்கும், கேடி மாதிரி 9 மடங்கு இருந்தா 90 சதவீதம், 99 மடங்கு இருந்தாத்தான் 99 சதவீதம். அதாவது பாதிக்கு ஈசியா வந்துடலாம், கடைசி கொஞ்சத்துக்குத்தான் வாளி வாளியா ஊத்தணும். உங்க பாயிண்ட் எல்லாம் கேடிக்கு 10 மடங்கு கீழருந்து 10 மடங்கு மேல வரைக்கும் பரவி இருந்தா கர்வ் ஒழுங்கா வரும், பாதியிலயே நிறுத்திட்டா ஃபிட் பண்ற சாஃப்ட்வேர் உச்சிய தானா கற்பனை பண்ணிக்கும்.

முதல் வரில "ரொம்பக் கொஞ்சமா"ன்னு சொன்னேன்ல, அந்த வார்த்தைய மறந்துடாதீங்க, பின்னாடி அதுதான் நெறைய பேரோட காலை வாரி விடப்போகுது.

கேடி கம்மியா இருந்தா நல்லதா, ஜாஸ்தியா இருந்தா நல்லதா?

கம்மின்னா இறுக்கம், அவ்ளோதான். நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் கிடையாது. பார்னேஸ்னு ஒரு என்சைம், பாக்டீரியா வெளிய விடறது, ஆர்என்ஏவ வெட்டிடும். அதே பாக்டீரியா தன்னைக் காப்பாத்திக்க பார்ஸ்டார்னு ஒரு ப்ரோட்டீன் வச்சிருக்கு, அது போய் பார்னேஸ் வாயை அடைச்சிடும். அங்க கேடி 10⁻¹⁴ மோலார் பக்கம். அது அவ்ளோ இறுக்கமா இருந்தே ஆகணும், விட்டா செல்லே செத்துடும். ஆனா செல்லுக்குள்ள சிக்னல் கடத்தற எஸ்எச்2 மாதிரி டொமைன் (ப்ரோட்டீன்ல தனியா மடியற ஒரு துண்டு) எல்லாம் மைக்ரோமோலார் பக்கத்துலதான் பிடிக்கும், ஏன்னா பிடிச்சதும் விடணும், அடுத்த சிக்னல் வரணும். நல்ல ஆன்டிபாடி நானோமோலார்லயோ அதுக்கும் கீழயோ இருக்கும்.

புல்-டவுன்ல பேண்ட் செமையா வந்துடுச்சு, அப்போ பைண்ட் ஆகுதுன்னு எழுதிடலாமா?

பைண்ட் ஆகலாம்னு எழுதலாம். புல்-டவுன் (ஒரு ப்ரோட்டீன பீட்ஸ்ல பிடிச்சு இழுத்து, கூட யார் வர்றாங்கன்னு ஜெல்ல பேண்டா பாக்கறது), கோ-ஐபி (அதையே ஆன்டிபாடி வச்சு செய்யறது), ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் (ஈஸ்ட் செல்லுக்குள்ள வச்சு ஜோடி தேடறது) இதெல்லாம் ஆள் அடையாளம் காட்டறதுக்கு, தராசு இல்ல. ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் 1989-ல ஃபீல்ட்ஸும் சாங்கும் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ ஜோடி அதுல கிடைச்சிருக்கு, அதே அளவுக்கு சும்மா வந்த ஜோடியும் இருக்கு. செல் லைசேட்ல (செல்ல உடைச்ச கலவைல) பண்ணின கோ-ஐபின்னா நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் ரெண்டு பேரையும் கை கோர்த்து வச்சிருக்கலாம், டிஎன்ஏ கூட அந்த வேலைய பண்ணும். பென்சோனேஸ் (டிஎன்ஏவ வெட்டற என்சைம்) போட்டு ஒரு தடவை பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணு, புல்-டவுன்ல நீங்க பீட்ஸ மூணு நாலு தடவை கழுவறீங்க. சீக்கிரம் விடற ஜோடி எல்லாம் அந்தக் கழுவல்லயே போயிடும். அதனால பேண்ட் வரலைன்னா பைண்டிங் இல்லன்னும் சொல்ல முடியாது.

எந்த மெஷின்ல போட்டா சீக்கிரம் பேப்பர் ஆகும்?

இந்தக் கேள்வி இதே வார்த்தைல வந்தது, சிரிக்காதீங்க. மெஷின் பேர முடிவு பண்ணிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: கைல எவ்ளோ ப்ரோட்டீன் இருக்கு, கேடி எந்தப் பக்கம் இருக்கும்னு ஏதாவது ஐடியா இருக்கா?

மில்லிகிராம் கணக்குல கரையற ப்ரோட்டீன் இருக்கு, கேடி பத்து நானோமோலார்லருந்து பத்து மைக்ரோமோலாருக்குள்ளன்னா ஐடிசி. லேபிள் வேண்டாம், சிப்ல ஒட்ட வேண்டாம், எத்தனைக்கு எத்தனை சேருதுன்னும் அதுவே சொல்லும். ப்ரோட்டீன் கம்மி, எவ்ளோ வேகமா பிடிக்குது எவ்ளோ மெதுவா விடுதுன்னு தெரியணும்னா எஸ்பிஆர், ஸ்வீடன்ல 1990-ல முதல் பயாகோர் வந்ததுலருந்து அதுக்குத்தான் ஓடிட்டு இருக்கு. ஒரு பக்கம் சின்ன பெப்டைட், இன்னொரு பக்கம் பெரிய ப்ரோட்டீன்னா ஃப்ளோரசன்ஸ் போலரைசேஷன் (பெப்டைட்ல ஒளிர்ற லேபிள் போட்டு, பெருசோட சேர்ந்தா அது சுத்தறது மெதுவாகறத பாக்கறது), ப்ளேட் ரீடர் போதும், செலவும் கம்மி. எம்எஸ்டின்னு கேபிலரில வச்சு இன்ஃப்ராரெட் லேசர்ல சூடு பண்ணிப் பாக்கறதும் இருக்கு, சாம்பிள் கொஞ்சம் போதும், ஆனா ப்ரோட்டீன் கேபிலரி சுவர்ல ஒட்டினா தலைவலி.

ஐடிசிக்கு எவ்ளோ ப்ரோட்டீன் வேணும்? 100 மைக்ரோகிராம் இருக்கு, போதுமா?

போதாது. கணக்கு போட்டே காட்டறேன். ஐடிசில சி-வேல்யூன்னு ஒண்ணு பாப்போம், மெஷினோட செல்லுக்குள்ள (ஒரு ப்ரோட்டீன் இருக்கற சின்ன அறை, இன்னொண்ண சிரிஞ்சுலருந்து கொஞ்சம் கொஞ்சமா குத்துவோம்) இருக்கற கான்சன்ட்ரேஷன கேடியால வகுத்தா வர்றது, 1989-லருந்து எல்லாரும் பிடிச்சுட்டு இருக்கற விதி. அது 10-லருந்து 100-க்குள்ள இருந்தா கர்வ் அழகா எஸ் மாதிரி வரும். உங்க கேடி 1 மைக்ரோமோலார்னா செல்ல 20 மைக்ரோமோலார், சிரிஞ்சுல 200 மைக்ரோமோலார் வைக்கணும். சின்ன செல் மெஷின்ல செல்லு 200 மைக்ரோலிட்டர்தான், ஆனா நிரப்ப 300 எடுத்து வச்சுக்கணும், சிரிஞ்சுக்கு ஒரு 65. ரெண்டு ப்ரோட்டீனும் 30 கிலோடால்டன் எடைன்னா செல்லுக்கு 0.18 மில்லிகிராம், சிரிஞ்சுக்கு 0.39 மில்லிகிராம். இது ஒரே ஒரு ரன். மூணு தடவை, கன்ட்ரோல், நடுவுல காத்துக்குமிழி புகுந்து நாசமாப்போற ஒரு ரன்னு எல்லாம் சேத்தா 2 மில்லிகிராமுக்கு மேல கையில இருக்கணும்.

கேடி 10 மைக்ரோமோலார்னா எல்லாத்தையும் 10-ஆல பெருக்குங்க. சிரிஞ்சுல 2 மில்லிமோலார், அதாவது மில்லிக்கு 60 மில்லிகிராம். பாதி ப்ரோட்டீனுங்க அந்தக் கான்சன்ட்ரேஷன்ல தயிராயிடும்.

ஜெல்ல ஒரே பேண்ட், சுத்தமா இருக்கு. இன்னும் என்ன செக் பண்ணணும்?

எஸ்டிஎஸ் ஜெல்ல நீங்க பாக்கறது கொதிக்க வச்ச ப்ரோட்டீன். மடிஞ்சு இருந்ததா, குப்பையா கட்டி சேர்ந்து இருந்ததான்னு அது சொல்லாது. அளக்கறதுக்கு முந்தின நாள், முடிஞ்சா அன்னைக்கே, சைஸ் எக்ஸ்க்ளூஷன் காலம்ல (அளவு வாரியா பிரிக்கறது, பெருசு முதல்ல வரும்) விட்டு பீக்கு நடுவுல இருக்கற ஃப்ராக்ஷன மட்டும் எடுங்க. முன்னாடியே வாய்ட்ல வெளிய வர்ற குன்று இருந்தா அது கட்டி. அந்தக் கட்டி எஸ்பிஆர் சிப்ல போய் உக்காந்தா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, நீங்க அத "சூப்பர் டைட் பைண்டிங்"னு நினைச்சு சந்தோஷப்படுவீங்க.

அடுத்தது கான்சன்ட்ரேஷன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு பெரியவங்க சொன்னது பைண்டிங்குக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். நானோட்ராப்ல (ஒரு சொட்டு எவ்ளோ ஒளி உறிஞ்சுதுன்னு பாக்கற மெஷின்) 280 நானோமீட்டர் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, 260-யும் பாருங்க, சுத்தமான ப்ரோட்டீன்னா 260-க்கும் 280-க்கும் விகிதம் 0.6 பக்கம் இருக்கணும், 1-ஐத் தாண்டிச்சுன்னா டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ கூடவே வந்திருக்கு. ட்ரிப்டோஃபான் (280-ல ஒளிய நல்லா உறிஞ்சற அமினோ ஆசிட்) இல்லாத ப்ரோட்டீனுக்கு 280-ல நம்பறது ரொம்ப ரிஸ்க்கு, ஒரு ட்ரிப்டோஃபான் 5500 தர்ற இடத்துல டைரோசின் 1490 தான் தரும், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கணக்கு தலைகீழாயிடும். சமன்பாட்டுக்குள்ள நீங்க கைப்பட போடற ஒரே நம்பர் இந்தக் கான்சன்ட்ரேஷன்தான், அது தப்புன்னா மெஷின் கோடி ரூபாய்னாலும் பிரயோஜனம் இல்ல.

ஐடிசில பெரிய பெரிய பீக்கா வருது, ஆனா குறையவே மாட்டேங்குது. சாச்சுரேட் ஆகலையா?

இது நானே பட்டது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ரன் போட்டேன். முதல் இன்ஜெக்ஷன்லயே பெருசா ஒரு பீக், ரெண்டாவது அதே உயரம், மூணாவது அதே. கைடுக்கு போன் பண்ணி "சார் செம பைண்டிங்"னு வேற சொல்லிட்டேன். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா 19-ஆவது பீக்கும் அதே உயரம், அளந்து வேலி நட்ட மாதிரி நிக்குது. நிஜமான பைண்டிங்னா இடம் நிரம்ப நிரம்ப சூடு குறைஞ்சுகிட்டே வரணும். குறையவே இல்லன்னா அங்க நிரம்ப இடமே இல்லன்னு அர்த்தம்.

நடந்தது என்னன்னா, சிரிஞ்சு ப்ரோட்டீன நிக்கல் காலம்லருந்து 250 மில்லிமோலார் இமிடசோல்ல (காலம்லருந்து ப்ரோட்டீன கழட்டி விடற ரசாயனம்) இறக்கி, கான்சன்ட்ரேட்டர்ல ரெண்டு சுத்து பஃபர் மாத்தி "போதும்"னு விட்டிருந்தேன். போதல. மிச்சம் இருந்த இமிடசோல் செல்லுக்குள்ள போய் கரையற சூடுதான் அவ்ளோ நேரமும் வந்துட்டு இருந்தது. திங்கக்கிழமை அதே சிரிஞ்சு சாம்பிள வெறும் பஃபர்ல குத்திப் பாத்தேன், அதே வேலி. அதுலருந்து ரெண்டு ப்ரோட்டீனையும் ரெண்டு பைல கட்டி ஒரே பீக்கர்ல, ராத்திரி பூரா டயாலிசிஸ். அந்த பீக்கர்ல மிஞ்சற பஃபர கொட்டாம வச்சு, செல் கழுவறது, டைல்யூட் பண்றது, வெறும் பஃபர் கன்ட்ரோல் எல்லாத்துக்கும் அதையேதான் எடுப்பேன். டிஎம்எஸ்ஓ, க்ளிசரால் ரெண்டுக்கும் இதே கதைதான், ஒரு சதவீத வித்தியாசமே ஆளைக் கொல்லும். ப்ரோட்டீன் ஆக்ஸிடைஸ் ஆகாம இருக்கப் போடற டிடிடி தானா ஆக்ஸிடைஸ் ஆகி பேஸ்லைன ஆட்டும், அதுக்கு பதிலா டிசிஇபி போடுங்க.

சரி, எனக்கு நேர் எதிர். ஒண்ணுமே வரல, தட்டையா இருக்கு. பைண்டிங் இல்லன்னு முடிச்சுக்கலாமா?

அவசரப்படாதீங்க. ஐடிசி பாக்கறது சூட்ட மட்டும்தான். என்ட்ரோபியால மட்டும் ஓடற பைண்டிங்கும் இருக்கு, அங்க 25 டிகிரில என்தால்பி (சேரும்போது வெளிய வர்ற இல்ல உள்ள போற சூடு) தற்செயலா பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கலாம். எண்ணெய்த்தன்மை உள்ள பரப்பு புதையற பைண்டிங்ல டெம்பரேச்சர் மாறினா என்தால்பியும் நல்லாவே மாறும், அதனால 15-லயும் 35-லயும் ஒவ்வொரு ரன் போடுங்க, 25-ல காணாமப்போன ஆள் அங்க தலை காட்டுவார்.

பஃபரையும் மாத்திப் பாக்கலாம். பைண்டிங்ல ஒரு ப்ரோட்டான் ஏறினாலோ இறங்கினாலோ அத பஃபர்தான் கொடுக்கணும் வாங்கணும், ட்ரிஸ்ல அந்த ப்ரோட்டானுக்கு மோலுக்கு 11 கிலோகலோரி பக்கம் சூடு, ஃபாஸ்பேட்ல 1 கிலோகலோரி கூட கிடையாது. அதே ஜோடி ட்ரிஸ்ல ஒரு என்தால்பியும் ஃபாஸ்பேட்ல வேற என்தால்பியும் காட்டிச்சுன்னா பயப்படாதீங்க, ப்ரோட்டான் கை மாறுதுன்னு கூடுதலா ஒரு தகவல் கிடைச்சிருக்கு.

ஐடிசில 'என்' (N) வேல்யூ 0.6 வருது. பாதிக்கு மேல பாதி சேருதா என்ன?

'என்'னா எத்தனைக்கு எத்தனை சேருதுங்கற எண், ரெண்டு ப்ரோட்டீன் சேரும்போது 0.6 ஆள் சேர முடியாது. பெரும்பாலும் செல்ல நீங்க 20 மைக்ரோமோலார்னு நினைச்சது நிஜத்துல வேலை செய்யற ப்ரோட்டீன் 12 தான், மீதி செத்துப்போச்சு இல்ல அளந்ததே தப்பு. இதுல ஒரு நுணுக்கம்: தப்பு செல் பக்கம் இருந்தா என் வேல்யூ அத வாங்கிக்கும், கேடி அவ்ளோவா கெடாது. தப்பு சிரிஞ்சு பக்கம் இருந்தா கேடி, என்தால்பி, என் மூணுமே சேர்ந்து கெடும், அப்ப என் வேல்யூ 1-க்கு மேல ஏறும். அதனால எந்த ப்ரோட்டீன நல்லா நம்பறீங்களோ அத சிரிஞ்சுல வைங்க.

எவ்ளோ நேரம் இன்குபேட் பண்ணணும்? புரோட்டோகால்ல 30 நிமிஷம்னு இருக்கு.

யார் புரோட்டோகால், எந்த ஜோடிக்கு எழுதினது? நேரத்த முடிவு பண்றது விடற வேகம், அதாவது ஆஃப்-ரேட். பிடிக்கிற வேகம் சாதாரணமா நொடிக்கு மோலாருக்கு 10⁶-ன்னு வச்சுப்போம். கேடி 1 நானோமோலார்னா ஆஃப்-ரேட் நொடிக்கு 10⁻³, பாதி ஜோடி பிரிய 11, 12 நிமிஷம். கம்மி கான்சன்ட்ரேஷன் பாயிண்ட் எல்லாம் ஓய்ஞ்சு நிக்கறதுக்கு அது மாதிரி 5 மடங்கு, கிட்டத்தட்ட 1 மணி நேரம் வேணும். கேடி 10 பிகோமோலார்னா? பாதி பிரிய 19 மணி நேரம், அஞ்சு மடங்குன்னா 4 நாள்! 30 நிமிஷத்துல பாத்தா கேடி பல மடங்கு பலவீனமா தெரியும், நீங்களும் அத நம்பி எழுதுவீங்க. மேல சொன்ன பார்னேஸ்-பார்ஸ்டார் பாதி பிரியறதுக்கே ஒரு நாள் ஆகும், அந்த மாதிரி ஜோடிக்கு எல்லாம் பிடிக்கிற வேகத்தையும் விடற வேகத்தையும் தனித்தனியா அளந்து வகுத்துத்தான் கேடி எடுக்கறாங்க.

செய்ய வேண்டியது சிம்பிள். அதே ப்ளேட்ட 30 நிமிஷத்துல ஒரு தடவை, 2 மணி நேரத்துல ஒரு தடவை, மறுநாள் காலைல ஒரு தடவை படிங்க. கர்வ் இடது பக்கம் நகர்ந்துகிட்டே இருந்தா இன்னும் ஓயல. 2020-ல ஸ்டான்ஃபோர்டு டேனியல் ஹெர்ஷ்லாக் குழு 100 பேப்பர எடுத்துப் பாத்து, பெரும்பாலான பேப்பர்ல நேரத்த மாத்திப் பாத்ததா ஒரு வரி கூட இல்லன்னு காட்டினாங்க. அச்சுல வந்த கேடியே அந்த லட்சணம், அதனால நம்ம நோட்ல இருக்கறதப் பத்தி அலட்சியமா இருக்க வேண்டாம்.

போலரைசேஷன்ல சிக்னல் கம்மியா இருந்துச்சு, அதான் லேபிள் பெப்டைட 50 நானோமோலாருக்கு ஏத்திட்டேன். பரவாயில்லல்ல?

கேடி 1 மைக்ரோமோலார்னா பரவாயில்ல. 1 நானோமோலார்னா போச்சு. முதல் பதில்ல "ரொம்பக் கொஞ்சமா"ன்னு சொன்னது இதுக்குத்தான். 50 நானோமோலார் பெப்டைட் உக்காந்திருந்தா அதுல பாதிய பிடிக்கவே 25 நானோமோலார் ப்ரோட்டீன் செலவாயிடும், அதுக்கு மேல 1 நானோமோலார் மிச்சம் இருந்தாத்தான் கேடி. ஆக கர்வோட நடு 26-ல வரும், நீங்க கேடி 26 நானோமோலார்னு எழுதுவீங்க, நிஜம் 1. நீங்க அளந்தது இறுக்கத்த இல்ல, எத்தனை பெப்டைட் இருக்குங்கறத.

லேபிள் கான்சன்ட்ரேஷன பாதியாக்கி ஒரு தடவை, கால்வாசியாக்கி ஒரு தடவை போடுங்க, நடு நகராம நின்னா சரி. குறைக்கவே முடியாதுன்னா சாதா கர்வ் போடாம, செலவாறதையும் கணக்குல எடுக்கற குவாட்ராடிக் சமன்பாட்டுல ஃபிட் பண்ணுங்க. அதுவும் ஓரளவுக்குத்தான் காப்பாத்தும், 50 மடங்கு வித்தியாசத்துல ஒண்ணும் பண்ண முடியாது.

எஸ்பிஆர்ல எத சிப்ல ஒட்டறது, எத ஓட விடறது? எவ்ளோ ஒட்டணும்?

ரெண்டு கை உள்ளத சிப்ல ஒட்டுங்க, ஒரு கை உள்ளத ஓட விடுங்க. ஆன்டிபாடி, டைமர் (ரெண்டு சேர்ந்து ஒண்ணா நிக்கற ப்ரோட்டீன்) எல்லாம் மேல ஓடினா ஒரு கை விட்டாலும் இன்னொரு கை பிடிச்சிட்டே இருக்கும், பிரியவே பிரியாத மாதிரி தெரியும். ஜிஎஸ்டி டேக் (ப்யூரிஃபை பண்ண வசதியா வால் மாதிரி சேக்கற ப்ரோட்டீன்) போட்டவங்க குறிப்பா கவனிங்க, ஜிஎஸ்டி தானாவே ஜோடி சேரும், நீங்க மோனோமர்னு நினைச்சு ஓட விடறது நிஜத்துல ரெட்டை. "டேக் ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லி வந்தவங்க டேக்க வெட்டிட்டு திரும்பப் போட்டு கேடி பல மடங்கு பலவீனமாகி மூஞ்சி வாடிப் போனதப் பாத்திருக்கேன்.

எவ்ளோன்னா, நினைக்கறத விட கம்மி. 30 கிலோடால்டன் ப்ரோட்டீன 300 ஆர்யூ (எஸ்பிஆர் சிக்னலோட யூனிட்) ஒட்டினா, அது மேல 20 கிலோடால்டன் ஓட விட்டா அதிகபட்சம் 200 ஆர்யூ வரணும், எடை விகிதக் கணக்குதான். 40 வந்தா ஒட்டினதுல அஞ்சுல ஒண்ணுதான் உயிரோட இருக்கு. 600 வந்தா அது பைண்டிங் இல்ல, அப்பிக்கிது. நெறைய ஒட்டினா இன்னொரு தொல்லை: பிரிஞ்சு போற மூலக்கூறு வெளிய போறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவர் பிடிச்சுப்பார். ஃப்ளோ ரேட்ட 30-லருந்து 100 மைக்ரோலிட்டருக்கு மாத்திப் பாருங்க, கர்வோட சாய்வு மாறினா நீங்க அளக்கறது தண்ணி ஓடற வேகத்த.

ஒண்ணுக்கு ஒண்ணு மாடல்ல ஃபிட் ஆகல. டூ-ஸ்டேட் மாடல் போட்டா கோடு கோட்டு மேலயே உக்காருது. அதையே போட்டுடவா?

வேண்டாம். டூ-ஸ்டேட்னா ஒட்டினதுக்கப்புறம் வடிவமும் மாறுதுன்னு வச்சுக்கற மாடல், இன்னும் ரெண்டு கான்ஸ்டன்ட் கொடுத்தா யானைப் படத்துக்குக் கூட ஃபிட் ஆகும். மாடல மாத்தறதுக்கு முன்னாடி, இதுக்கு மேல சொன்னத எல்லாம் வரிசையா பாருங்க: ப்ரோட்டீன்ல கட்டி இருக்கா, ஓடறது ரெட்டையா, ஒட்டினது ஜாஸ்தியா, ரெஃபரன்ஸ் சேனல்லயே (ஜோடி ஒட்டாம சும்மா விட்ட பக்கம்) ஏறுதா, ரன்னிங் பஃபரும் சாம்பிள் பஃபரும் ஒண்ணுதானா. நான் பாத்தவரைக்கும் பத்துல எட்டு கேஸ் இங்கயே தீந்துடும். நிஜமாவே வடிவம் மாறுதுன்னு நீங்க நம்பினா, வேற ஒரு முறைல அந்த வடிவ மாத்தத்தக் காட்டிட்டு அப்புறம் அந்த மாடல் போடுங்க.

பிஎல்ஐயும் எஸ்பிஆரும் ஒண்ணுதானே, எது ஃப்ரீயா இருக்கோ அதுல போடலாம்ல?

கேள்வி ஒண்ணு, ஆள் வேற. பிஎல்ஐல சென்சர் முனைய கிணத்துல முக்கற மாதிரி வெல்லுக்குள்ள முக்கறோம், ஓட்டம் கிடையாது, ஆட்டம் மட்டும்தான். அழுக்கு சாம்பிளத் தாங்கும், ட்யூப் அடைச்சுக்குங்கற பயம் இல்ல. பதிலுக்கு, விட்டுப் போன மூலக்கூறு அதே வெல்லுலதான் சுத்திட்டு இருக்கும், திரும்ப ஒட்டலாம். ரொம்ப நேரம் ஓடற ரன்ல வெல்லு வத்தும், கான்சன்ட்ரேஷன் ஏறும். ஸ்க்ரீன் பண்ண பிஎல்ஐ ஓகே, கடைசி டேபிள்ல போற நம்பருக்கு எஸ்பிஆர்னு நான் சொல்வேன், இதுல எங்க லேப்லயே என்னோட ஒத்துக்காதவங்க உண்டு.

ஒரே ஜோடிக்கு நாலு பேப்பர்ல நாலு கேடி இருக்கு. யாரத்தான் நம்பறது?

நல்ல உதாரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதே இருக்கு, கொரோனா வைரஸோட ஸ்பைக் ப்ரோட்டீனும், அது நம்ம செல்லு மேல போய் பிடிக்கற ஏஸ்2 ப்ரோட்டீனும். 2020 ஆரம்ப மாசங்கள்ல வந்த பேப்பருங்கள எடுங்க. டெக்சஸ் குழு எஸ்பிஆர்ல முழு ஸ்பைக் வச்சு 15 நானோமோலார் பக்கம்னாங்க. சியாட்டில் குழு பிஎல்ஐல, ஸ்பைக்கோட ஒட்டற டொமைன மட்டும் வச்சு 1.2. பெய்ஜிங் சிங்குவா குழு எஸ்பிஆர்ல 4.7. மினசோட்டா குழு அதே எஸ்பிஆர்ல 44.2. முப்பது மடங்குக்கு மேல வித்தியாசம், யாரும் சின்ன லேப் கிடையாது, யாரும் பொய்யும் சொல்லல.

முழு ஸ்பைக்ல அந்த டொமைன் எழுந்து நின்னாத்தான் ஏஸ்2 ஒட்டும், படுத்திருந்தா ஒட்டாது, தனி டொமைனுக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. அதோட எது சிப்ல, எது மேல ஓடுது, எவ்ளோ அடர்த்தியா ஒட்டியிருக்கு, மேல ஓடறது ஒத்தையா ரெட்டையா, இதெல்லாம் நம்பர நகர்த்தும். ஆனா நாலு பேரோட நம்பரும் ஒரே பக்கத்தத்தான் காட்டிச்சு: பழைய சார்ஸ் வைரஸ விட புதுசு ஏஸ்2-வ இறுக்கமா பிடிக்குது. எத்தனை மடங்குங்கறதுலதான் சண்டை, ஒருத்தர் 4 பக்கம், இன்னொருத்தர் 10-லருந்து 20-ன்னாங்க. அதனால வேற லேப் நம்பரோட உங்க நம்பர ஒப்பிடாதீங்க. ஒரே வாரத்துல, ஒரே சிப்ல, ஒரே பஃபர்ல போட்ட ரெண்டு நம்பர ஒப்பிடுங்க.

அப்போ என் மியூட்டன்ட் (மாத்தின ப்ரோட்டீன்) கேடி வைல்ட் டைப்ப (மாத்தாத அசல) விட ரெண்டு மடங்கு ஜாஸ்தி. அர்த்தம் இருக்கா?

எத்தனை தடவை போட்டீங்க? அதே ட்யூப்லருந்து மூணு தடவைன்னா அது ஒரு தடவைதான். தனித்தனியா வளத்து, தனித்தனியா ப்யூரிஃபை பண்ணின மூணு பேட்ச் வேணும், ஏன்னா ரெண்டு மடங்கு வித்தியாசம் கான்சன்ட்ரேஷன் தப்புலயே வந்துடும். ஆற்றல் கணக்குல பாத்தா 25 டிகிரில ரெண்டு மடங்குன்னா மோலுக்கு 0.4 கிலோகலோரி, ஒரு ஹைட்ரஜன் பாண்ட போக்கிட்டேன்னு மார்தட்டற அளவுக்கு இல்ல. பத்து மடங்குன்னா 1.36, அப்ப பேசலாம். மியூட்டன்ட் மடிஞ்சுதான் இருக்காங்கறதையும் சிடிலயோ மெல்ட் கர்வ்லயோ (ரெண்டும் மடிப்பப் பாக்கற சோதனை) காட்டிட்டு வாங்க, மடியாத ப்ரோட்டீன் ஒட்டலைங்கறது கண்டுபிடிப்பு இல்ல.

கைடு ஸ்காட்சார்ட் ப்ளாட் போட்டுக் காட்டச் சொல்றார்.

போட்டுக் காட்டுங்க, சண்டை வேண்டாம். 1949-ல கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேல் வச்சு நேர்கோடு போடறதுக்காக வந்தது. இப்ப அதுலருந்து கேடி எடுத்தா கம்மி கான்சன்ட்ரேஷன்ல இருக்கற சின்னத் தப்பு எல்லாம் ஊதிப் பெருசாகும். படமா வைங்க, நம்பர நேரா கர்வ்லருந்து எடுங்க.

ஆல்ஃபாஃபோல்டே ரெண்டும் ஒட்டுதுன்னு கலர் கலரா காட்டுதே, இன்னும் எதுக்கு அளக்கணும்?

அது ப்ரோட்டீன் வடிவத்த கணிக்கற ஏஐ ப்ரோக்ராம், எப்படி உக்காரும்னு சொல்லுது, எவ்ளோ இறுக்கம்னு சொல்லல. அங்க வர்ற ஸ்கோர் அந்தப் படத்து மேல அதுக்கு இருக்கற நம்பிக்கை, கேடி இல்ல. மியூட்டேஷன் எங்க பண்ணணும்னு முடிவு பண்ண அருமையான உதவி. ஒட்டற இடத்துல ஒரு அமினோ ஆசிட மாத்திட்டு திரும்பக் கேளுங்க, பல நேரம் அதே படத்தையே திரும்ப அழகா தரும்.

செல்லுக்குள்ள இந்தக் கேடிக்கு என்ன மதிப்பு?

ஒரு ஈ. கோலை பாக்டீரியாவுக்குள்ள ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலே அது கிட்டத்தட்ட 1 நானோமோலார். இத மனசுல வச்சுக்கிட்டு, உங்க ப்ரோட்டீன் ஒரு செல்லுக்கு எத்தனைன்னு பாருங்க. 10 மைக்ரோமோலார் கேடி, ஆனா செல்லுக்கு 50 காப்பிதான்னா அவங்க தானா சந்திக்கறது கஷ்டம், மெம்ப்ரேன்லயோ வேற ஏதாவது மேடையிலயோ யாரோ கூட்டி வைக்கணும்.

ஐடிசில 2 மைக்ரோமோலார், எஸ்பிஆர்ல 200 நானோமோலார். ரிவ்யூவருக்கு என்ன சொல்றது?

முதல்ல அவருக்கு சொல்லாதீங்க, நீங்க போய்ப் பாருங்க. உப்பு ஒண்ணா, டெம்பரேச்சர் ஒண்ணா, எஸ்பிஆர் பஃபர்ல இருந்த ட்வீன் (சோப்பு மாதிரி ஒண்ணு) ஐடிசில இருந்ததா, ஓடினது ரெட்டையா? சிரிஞ்சு கான்சன்ட்ரேஷன் சரியா? இதுல ஏதோ ஒண்ணு மாட்டும். எதுவும் மாட்டலைன்னா ரெண்டு நம்பரையும் அப்படியே டேபிள்ல போட்டு, நிபந்தனை எல்லாத்தையும் பக்கத்துலயே எழுதிடுங்க. ஒத்து வர்ற நம்பர மட்டும் வச்சுட்டு இன்னொண்ண சப்ளிமெண்டரிக்குத் தள்றத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், நிஜமாவே ஒட்டல. எப்படி எழுதறது?

"பைண்டிங் இல்லை"ன்னு எழுதாதீங்க. எது வரைக்கும் போய்ப் பாத்தீங்கன்னு எழுதுங்க. "100 மைக்ரோமோலார் வரைக்கும் கூட்டினோம், சிக்னல் இல்ல, அதே ப்ளேட்ல வைல்ட் டைப் 3 மைக்ரோமோலார்ல ஒட்டிச்சு"ன்னு. அந்த ரெண்டாவது பாதி இல்லன்னா உங்க ப்ரோட்டீன் ஒட்டலையா, இல்ல அன்னைக்கு மெஷினே வேலை செய்யலையான்னு படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால ஒட்டும்னு தெரிஞ்ச ஜோடி ஒண்ண ஃப்ரீசர்ல சின்னச் சின்ன அளவா பிரிச்சு வச்சுக்கோங்க. கீழ் தட்டுல நீல மூடி ட்யூப்ல என்னோடது இருக்கு, எடுத்துக்கலாம், எடுத்தா நோட்ல எழுதிட்டு எடுங்க.